பத்து நாள், ஆறு நாள், நானூறு மீட்டர்

கென்யாவுக்கோ நைஜீரியாவுக்கோ கிளம்புகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு, ஒரு மஞ்சள் அட்டையோடு வெளியே வருவார்கள். பாஸ்போர்ட் எண், ஊசி போட்ட தேதி, மருந்தின் பேட்ச் எண், கையெழுத்து, மையத்தின் முத்திரை எல்லாம் அதில் இருக்கும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். நோய் உள்ள நாட்டிலிருந்து அட்டை இல்லாமல் இந்தியாவில் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கு வைரஸ் போட்டது. ஊசி போட்ட பத்து நாளுக்குள் பெரும்பாலோர் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாகிவிடும். வைரஸ் தொற்றியவருக்கு மூன்று முதல் ஆறு நாளில் காய்ச்சல் காணும். ஆறு நாளாகியும் வரவில்லை என்றால் தாராளமாக வீட்டுக்கு அனுப்பலாம். 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிமுறைகளில் 196 நாடுகள் இணைந்துள்ளன. அட்டைக்கு எல்லா நாட்டிலும் ஒரே மதிப்பு கிடைப்பது அதனால்தான். முன்பு பத்து ஆண்டு செல்லுபடியான அட்டை, 2016 ஜூலை முதல் ஆயுளுக்கும் செல்லும்.

இந்தியாவில் இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. மஞ்சள் காய்ச்சல் இங்கே பரவியதில்லை, ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெருவுக்குத் தெரு இருக்கிறது. டெங்குவைப் பரப்புவதும் அதுவேதான். காய்ச்சல் கண்ட முதல் சில நாட்களில் நோயாளியைக் கடிக்கும் கொசுவின் குடலில் வைரஸ் பெருகி, ஏறக்குறைய பத்து நாளில் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேரும். பிறகு சாகும்வரை அந்தக் கொசு ஆபத்துதான். கோடிக்கணக்கானோர் ஊசி போடாத நாட்டில் ஒரு நோயாளி போதும்.

அட்டையை மட்டும் நம்ப முடியாது என்பதை 2016 காட்டியது. அங்கோலாவில் நோய் பரவிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து சீனாவுக்குத் திரும்பிய 11 பேருக்கு மஞ்சள் காய்ச்சல் இருந்தது. ஆசியாவுக்குள் அந்த நோய் வந்து சேர்ந்தது பதிவானது அப்போதுதான். நல்லவேளையாக உள்ளூரில் பரவவில்லை.

ஆகவே விதிமுறைகளில் இன்னொரு பிரிவும் இருக்கிறது: விமான நிலையம், துறைமுகத்தைச் சுற்றிக் குறைந்தது 400 மீட்டருக்கு நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த வேண்டும். 1881இல் வாஷிங்டனில் நடந்த சர்வதேச சுகாதார மாநாட்டில், நோயாளியிடமிருந்து அடுத்தவருக்கு மஞ்சள் காய்ச்சலைக் கொண்டுபோக இடையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்றார் கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே. அது கொசுதான் என்று அதே ஆண்டில் ஹவானாவில் சொன்னார். உலகம் அதை ஏற்க 1900வரை, அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட் குழுவின் சோதனைகள்வரை ஆனது. எத்தனை உயிர்கள் அதற்குள் போயின!

என்னைக் கேட்டால், கவுன்டரில் அட்டை பார்ப்பதைவிட இந்த 400 மீட்டர்தான் முக்கியம். சென்னை விமான நிலையத்தை ஒட்டியே பம்மல், பொழிச்சலூர் என்று வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே மொட்டைமாடித் தொட்டியை மூடச் சொல்லி, பழைய டயரில் தேங்கிய நீரைக் கவிழ்த்துவிடும் கொசு ஒழிப்புப் பணியாளர் செய்வதும் எல்லைப் பாதுகாப்புதான். அவர் பணி நிரந்தரமாக இருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு மட்டும் ஆள் எடுத்தால் போதாது.