ட்ரிப்ஸ் சக்கரத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள்

போன வாரம் மறுபடியும் அதே கதை. சினைப்பைப் புற்றுநோய்க்கு லைப்போசோமல் டாக்சோரூபிசின் (நுண்ணிய கொழுப்பு உறைக்குள் அடைத்த கீமோ மருந்து) முதல் டோஸ் போட்டுக்கொள்ள ஒரு அம்மா வந்திருந்தார். ட்ரிப்ஸ் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, முகம் செக்கச் செவேலென்று சிவந்துபோய், "இடுப்பு விட்டுப்போற மாதிரி வலிக்குது சிஸ்டர், மூச்சு முட்டுது" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் ஓடிப்போய் ட்ரிப்ஸை நிறுத்தினார். மருந்து கலக்கும் அறையிலிருந்து நான் வந்து பார்த்தால், குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சக்கரம் நாங்கள் வைத்த இடத்தில் இல்லை. மகன்தான் தள்ளிவிட்டிருக்கிறார். "பக்கத்து பெட்காரருக்கும் நானோ மருந்துதான், அரை மணியில முடிஞ்சுது. எங்களுக்கு நாலு மணி பஸ். நானோன்னா சைடு எஃபெக்ட் இல்லைன்னு சொன்னாங்களே சார்."

இந்த வருடத்தில் இது மூன்றாவது. அம்மா அரை மணியில் தேறினார், பிறகு மெதுவாக ஏற்றி முடித்தோம். ஒவ்வொரு முறையும் இப்படியே முடியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. (எல்லாப் படுக்கைக்கும் இன்ஃப்யூஷன் பம்ப் இருந்தால் இந்தச் சக்கரப் பிரச்சினையே வராது. அதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம்.)

இந்த "நானோ" என்ற சொல்லைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை. ஊசி போட்டால் மருந்து ஏவுகணை மாதிரி நேராகப் புற்றுக்கட்டியில் போய் விழும், வேறு எதையும் தொடாது என்று ஜனங்கள் மனதில் பதிந்துவிட்டது. அப்படி நடப்பதில்லை. மருந்தை அடைத்து வைத்திருக்கும் அந்தக் கொழுப்புத் துகள் (லைப்போசோம்) சுமார் 100 நானோமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது போய் இறங்குகிற இடம் வெறும் தண்ணீர் இல்லை. ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் 60 முதல் 80 கிராம் வரை புரதம் இருக்கிறது. ஆல்புமின், ஆன்டிபாடிகள், கொழுப்பைச் சுமக்கும் புரதங்கள், இரத்தம் உறைய வைக்கும் புரதங்கள், இன்னும் ஆயிரக்கணக்கில். துகள் உள்ளே போன அரை நிமிடத்துக்குள் இவை அதன் மேல் போர்வை மாதிரி ஒட்டிக்கொள்கின்றன. முதலில் எண்ணிக்கையில் அதிகமானவை ஒட்டும், அப்புறம் இறுக்கமாகப் பிடிக்கக்கூடியவை வந்து அவற்றைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். இந்தப் போர்வைக்குப் புரத கொரோனா என்று பெயர். 2020-இல் வந்த வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, யாரும் பயப்பட வேண்டாம்.

ஆக, உங்கள் கல்லீரலும் மண்ணீரலும் பார்ப்பது தொழிற்சாலையில் செய்த துகளை இல்லை, உங்கள் இரத்தம் உடுத்திவிட்ட துகளை. போர்வையில் ஆன்டிபாடியும், உடம்பின் எதிர்ப்பு வேலைக்கு உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் அதிகமாக இருந்தால், கல்லீரலின் விழுங்கு செல்கள் அதை அந்நியப் பொருள் என்று பிடித்துத் தின்றுவிடும். டப்ளினில் ஒரு குழு புற்றுச் செல்லைத் தேடிப் போவதற்காகவே டிரான்ஸ்ஃபெரின் (இரும்பைச் சுமக்கும் புரதம்) ஒட்டிய துகள்களைச் செய்து, அவற்றை இரத்தப் புரதங்களோடு சேர்த்துச் சோதித்து 2013-இல் வெளியிட்டது: புரதப் போர்வை மூடியதும் அந்தத் தேடும் திறனே போய்விட்டது. 2016-இல் டொரான்டோவில் வாரன் சான் குழு, பத்து வருடத்து விலங்கு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் போட்டது. ஏற்றிய துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடு அளவாக (மீடியன்) 0.7 சதவீதம். நூற்றில் ஒன்றுகூட இல்லை!

பிறகு ஏன் இதைப் போடுகிறீர்கள் என்று கேட்பீர்கள். சாதாரண டாக்சோரூபிசினைவிட இதயத்துக்குப் பாதிப்பு குறைவு, அது பெரிய விஷயம். புரதங்கள் எளிதில் ஒட்டாமல் இருக்கத்தான் லைப்போசோம் மேல் பாலிஎத்திலின் கிளைக்கால் (PEG) என்ற வேதிப்பொருளைப் பூச்சாகக் கொடுத்து, 1995-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள். பூச்சு ஒட்டுவதைக் குறைக்கும், அடியோடு நிறுத்தாது. இந்தப் போர்வையே நன்மை செய்த இடமும் உண்டு. ஒரு மரபு நோய்க்காக 2018-இல் வந்த பாட்டிசிரான் என்ற மருந்தின் கொழுப்புத் துகளில் நம் உடம்பின் அப்போ-ஈ புரதம் ஒட்டிக்கொள்கிறது, அதுதான் அதைக் கல்லீரல் செல்லுக்குள் கூட்டிக்கொண்டு போகிறது. அந்த மருந்து போக வேண்டிய இடமும் அதுதான்.

சரி, சக்கரத்துக்கு வருவோம். துகள் மேல் காம்ப்ளிமென்ட் ஒட்டித் தூண்டப்பட்டால் முகம் சிவப்பது, முதுகு வலி, நெஞ்சு இறுக்கம், பிரஷர் இறங்குவது எல்லாம் வரும். இதற்கு முன்பு அந்த மருந்தைப் போட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, முதல் டோஸிலேயே வரலாம். வேகமாக ஏற்றினால் வாய்ப்பு கூடும். அதனால்தான் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று விதி. முதல் கால் மணி நேரம் நாங்கள் அதைவிடவும் மெதுவாக வைப்போம். பக்கத்து பெட்காரருக்கு ஏறியது ஆல்புமினில் கட்டிய பேக்லிடாக்சல். அது வேறு துகள், அதற்கு அரை மணிதான் நேரம். இரண்டுக்கும் நானோ என்று பெயர் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஒரே மருந்து என்றாலும், அவர் இரத்தம் உடுத்துகிற போர்வை வேறு, உங்களுடையது வேறு.

எனவே சக்கரத்தைத் தொடாதீர்கள். யாராவது ஒருவர் முதல் அரை மணி பக்கத்திலேயே உட்காருங்கள், போனை ஓரமாக வையுங்கள், இடுப்பில் லேசாக வலி என்றாலும் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். கொலோனோஸ்கோபிக்கு முன் வயிறு சுத்தம் செய்யக் கொடுத்த பொடியைக் கரைத்துக் குடித்து எப்போதாவது உடம்பு தடித்ததா, மூச்சு வாங்கியதா? முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்தப் பொடிகள் பலவற்றில் இருப்பதும் இதே பாலிஎத்திலின் கிளைக்கால்தான். ஊருக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்கிறோம் என்று மருந்தை வாங்கிக்கொண்டு போகிறவர்கள், லைப்போசோமல் என்ற சொல் சீட்டிலும் குப்பியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இதை 5 சதவீத குளுக்கோஸில்தான் கலக்க வேண்டும், சலைனில் கூடாது. புதிதாக வேலைக்கு வரும் மருந்தாளுநர்களே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நானோ மஞ்சள், நானோ தங்கச் சொட்டு என்று வாங்கிக் கைப்பையில் ஒளித்து வைத்திருப்பவர்கள் நிறைய. வாய்வழியே போகும் துகளை, இரத்தத்தை எட்டுவதற்குள் வயிற்று அமிலமும் செரிமான நொதிகளும் என்னென்னவோ செய்துவிடும். லேபிளில் எழுதியிருப்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. அந்தப் பாட்டிலை அடுத்த முறை வரும்போது கொண்டுவந்து காட்டுங்கள் அம்மா. வாங்கியதற்காக யாரும் திட்ட மாட்டோம், உங்கள் கீமோவோடு அது சேருமா என்று பார்த்துச் சொல்லத்தான் கேட்கிறேன்.