சொல் விளக்கம்: கராக்கே

‘கராக்கே’ என்ற ஜப்பானியச் சொல்லுக்குப் பொருள் தேடினால் ‘பழைய மடக்கு போன்’ என்று கிடைக்கும். நம் ஊர் வழக்கில் சொன்னால் பட்டன் போன். பொருள் தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், அந்தச் சொல்லுக்குள் இருக்கும் பெருமை, வலி இரண்டுமே நம் கைக்கு வராமல் போய்விடும்.

முதலில் உச்சரிப்பு. முதல் எழுத்தைக் ‘கங்கை’யில் வரும் ‘க’ போலச் சொல்ல வேண்டும். கடைசி ‘கே’ நீண்டு ஒலிக்கும்.

இது இரண்டு சொற்களை வெட்டி ஒட்டிய சொல். ஜப்பானியர்களுக்கு இப்படி வெட்டுவது கைவந்த கலை. ஸ்மார்ட்போனைக்கூட ‘சுமாஹோ’ ஆக்கிவிட்டார்கள். பின்பாதியான ‘கே’, ‘கேத்தை’ என்பதன் சுருக்கம். ‘கேத்தை’யை இரண்டு எழுத்துகளால் எழுதுவார்கள். ஒன்றுக்குக் கையில் எடுத்துச் செல்வது என்று பொருள். மற்றது இடுப்பில் கட்டும் கச்சையைக் குறிக்கும். முழுப்பெயர் ‘கேத்தை தென்வா’, அதாவது உடன் கொண்டுபோகும் தொலைபேசி. நம் ‘கைபேசி’க்கு நெருங்கிய உறவுதான். ஒரே வேறுபாடு, நம் சொல்லில் ‘பேசி’ நிலைத்துவிட்டது, அவர்கள் சொல்லில் ‘தென்வா’ உதிர்ந்து ‘கேத்தை’ மட்டும் மிஞ்சியது. பொருத்தமாகத்தான் உதிர்ந்திருக்கிறது என்பேன். ஜப்பானில் ரயிலுக்குள் போனில் பேசுவது மரியாதைக் குறைவு. கூட்டமான பெட்டியில் நின்றபடி ஒற்றைக் கட்டைவிரலால் மடல் அனுப்பத்தான் அந்தக் கருவி அதிகம் பயன்பட்டது.

முன்பாதியில்தான் கதையே இருக்கிறது. ‘கரா’ என்பது கலாபகோஸ். ஜப்பானிய மொழியில் ‘ல’ ஒலி இல்லாததால் அது ‘கரபகோசு’ ஆகிவிட்டது. ஈக்வடார் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில் கிடக்கும் தீவுக்கூட்டம் அது. அங்கிருக்கும் பெரிய ஆமைகளை வைத்து ஸ்பானியர்கள் இட்ட பெயர். 1835இல் டார்வின் அங்கே இறங்கினார். அந்தத் தீவுகளின் சிறுகுருவிகளுக்கு, உண்ணும் இரைக்கு ஏற்ப அலகு வேறு வேறாக அமைந்திருக்கும். வெளிக்கலப்பு இல்லாமல், இருக்கும் இடத்துக்கு அச்சு வார்த்தது போல் வளர்ந்த உயிர்கள் அவை. பின்னாளில் மனிதர்களோடு எலியும் ஆடும் வந்திறங்கியபோது, அந்த ஊர் உயிர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

சரி, ஜப்பான் போனுக்கு ஏன் இந்தப் பெயர்?

1993இல் ஜப்பான் பிடிசி என்ற தனக்கே உரிய இரண்டாம் தலைமுறைக் கைபேசி இணைப்பு முறையை (2ஜி) தொடங்கியது. ஐரோப்பாவும், பிறகு நாமும் ஜிஎஸ்எம் என்ற வேறொரு முறையின் பக்கம் போனோம். பிடிசி ஜப்பானைத் தாண்டவில்லை. அந்த வேலிக்குள்தான் பயிர் செழித்தது. 1999 பிப்ரவரி 22 அன்று என்டிடி டோகோமோ என்ற கைபேசிச் சேவை நிறுவனம் ‘ஐ-மோட்’ என்ற இணையச் சேவையைக் கொண்டுவந்தது. பட்டன் போனிலேயே மின்மடல், செய்தி, வங்கிக் கணக்கு, ரயில் நேரம் எல்லாம் வந்துவிட்டன. அதற்காக அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த ஷிகெதாகா குரித்தா வரைந்த 176 எமோஜிகள், ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளிக் கட்டத்துக்குள் அடங்கியவை. 2000இல் ஷார்ப் செய்து, ஜே-போன் என்ற சேவை நிறுவனம் விற்ற ஒரு மாடலைத் திருப்பிப் பார்த்தால், முதுகில் ஒரு கேமரா, அதன் பக்கத்திலேயே புளியங்கொட்டை அளவில் ஒரு குட்டிக் கண்ணாடி. தன்னைத்தானே படம் எடுப்பவர் முகம் சட்டத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள. செல்ஃபி என்ற சொல் நம் காதில் விழப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அதன் தேவையை யாரோ கவனித்து ஒரு கண்ணாடியைப் பதித்திருக்கிறார்கள். 2001இல் 3ஜி, 2004இல் போனைத் தொட்டுக் காசு கட்டும் ‘ஒசைஃபு கேத்தை’, 2006இல் ரயில் நிலையக் கதவில் பயணச்சீட்டுக்குப் பதில் அதே போன், அதே ஆண்டில் போனிலேயே தொலைக்காட்சி.

இத்தனையும் செய்தவர்கள் உலகை ஏன் பிடிக்கவில்லை? போட்டி நடந்த விதத்தில் இருக்கிறது விடை. போன் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது போன் தயாரித்த நிறுவனம் இல்லை, சேவை நடத்திய நிறுவனம். டோகோமோ கேட்டதைச் செய்து டோகோமோவுக்கே கொடுக்க வேண்டும். தயாரித்தவர் பெயர் மாடல் எண்ணின் முன்னால் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடும்: எஃப்501ஐ என்றால் புஜிட்சு, ‘என்’ என்று தொடங்கினால் என்இசி. விலையில் பெரும்பகுதியைச் சேவை நிறுவனம் ஏற்று, மாதக் கட்டணத்தில் மீட்டுக்கொள்ளும். அதனால் கடையில் போன் 1 யென்னுக்குக்கூடக் கிடைத்தது. ஐ-மோட் தளம் நடத்துபவர்களுக்காக டோகோமோவே போன் பில்லோடு காசு வசூலித்து, 9 சதவீதம் மட்டும் எடுத்துக்கொண்டது. மிக நல்ல ஏற்பாடு. எல்லோரும் வாழ்ந்தார்கள். அதனாலேயே யாருக்கும் வெளியே பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை.

வெளியே போய்ப் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2002இல் ஐ-மோட் ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் போனது. அங்கே நோக்கியா போன்றவர்களிடம் “எனக்கு இப்படிச் செய்து கொடு” என்று சேவை நிறுவனம் அதட்ட முடியாது. வேர் பிடிக்கவில்லை. நமக்குத் தெரிந்த டாடா டோகோமோவில் இருந்ததும் இதே டோகோமோதான். நொடிக்கு ஒரு பைசா நமக்கு நினைவிருக்கும். ஜப்பானியப் போன்கள் அதோடு இங்கே வந்து குவிந்ததாக யாருக்கும் நினைவிருக்காது.

2008 ஜூலை 11 அன்று சாஃப்ட்பேங்க் என்ற சேவை நிறுவனம் ஐபோனை ஜப்பானில் இறக்கியது. அந்தக் காலகட்டத்தில்தான் ‘கலாபகோஸ்’ ஒப்புமை பரவி, ‘கராக்கே’ என்று சுருங்கியது. அதே ஆண்டு மிட்சுபிஷி எலெக்ட்ரிக் கைபேசித் தொழிலைக் கைவிட்டது. 2013இல் என்இசியும் பானசோனிக்கும் பொதுமக்களுக்கான ஸ்மார்ட்போனிலிருந்து விலகின. நடுவில், 2010இல் ஷார்ப் தன் டேப்லெட்டுக்கு ‘கலாபகோஸ்’ என்றே பெயர் வைத்தது. பழிச்சொல்லைப் பட்டமாக மாற்றிக்கொள்ளும் அந்தத் துணிவு எனக்குப் பிடிக்கும்.

இனி தமிழ்ச் சொல். சட்டென்று வாயில் வருவது ‘கிணற்றுத் தவளை’. வேண்டாம். ஜப்பானிய மொழியிலும் அச்சாக இதே பழமொழி உண்டு, கிணற்றுக்குள் இருக்கும் தவளைக்குக் கடல் தெரியாது என்று. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த அந்தத் தவளையை எடுக்காமல், கடல் தாண்டிய ஒரு தீவின் பெயர் இந்தப் போனுக்கு ஒட்டியிருக்கிறது. தவளை அறியாமையைச் சுட்டும். கலாபகோஸ் சுட்டுவது அறியாமையை அல்ல, ஓரிடத்துக்கு அளவுக்கு மீறிப் பொருந்திப்போவதை. ‘குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுதல்’ இன்னும் கிட்டே வருகிறது, ஏனென்றால் அதில் குதிரையாவது இருக்கிறது. ஆனால் 2007 இறுதியில் ஜப்பானில் கைபேசி இணைப்புகள் 10 கோடியைத் தாண்டிவிட்டன. அதைக் குண்டுச்சட்டி என்று எப்படிச் சொல்வது? சிறிய சட்டியாக இருந்திருந்தால் குதிரை என்றோ வெளியே குதித்திருக்கும்.

‘பட்டன் போன்’, ‘சாதா போன்’ இரண்டும் வசதி குறைந்தது என்ற எண்ணத்தைத் தந்துவிடும். கராக்கே வசதி குறைந்ததில்லை. 2008இல் வந்த ஐபோனில் தொட்டுக் காசு கட்டும் வசதி இல்லை, தொலைக்காட்சி இல்லை, எமோஜிகூட இல்லை. ஜப்பானுக்காக அந்த ஆண்டின் இறுதியில்தான் எமோஜியைச் சேர்த்தார்கள்; தொட்டுக் காசு கட்டும் ஜப்பானிய முறை 2016இல்தான் ஐபோனுக்குள் நுழைந்தது. எமோஜியோ 2010இல் உலகக் கருவிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஏறி, இப்போது நம் வீட்டு வாட்ஸ்அப் குழு வரை வந்துவிட்டது. போன் தீவிலேயே நின்றுவிட்டது, குருவி பறந்துவிட்டது.

ஆகவே என் பரிந்துரை ‘தீவுப்பேசி’. கைபேசி, அலைபேசி, திறன்பேசி என்ற வரிசையில் தடங்கல் இல்லாமல் உட்காருகிறது. இதிலிருந்து பிறந்த ‘கரபகோசு-கா’, அதாவது ஒரு தொழிலோ பொருளோ தன் சந்தைக்கு மட்டுமே பொருந்தி வளர்வது, அதற்குத் ‘தீவாதல்’ போதும். வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்: “ஐ-மோட் தந்த வருமானமே ஜப்பானியக் கைபேசித் துறை தீவாதலுக்கு வழிவிட்டது.” “டோகோமோ தன் 3ஜி, ஐ-மோட் சேவைகளுக்குக் குறித்த கடைசி நாள் 2026 மார்ச் 31; அதுவே பழைய தீவுப்பேசிகளுக்கும் கடைசி நாள்.”