சராசரி 40 நிமிடம் என்றால் எப்போது கிளம்பலாம்?

ஓ.பி. வாசலில் "சராசரி காத்திருப்பு நேரம் 40 நிமிடம்" என்று ஒட்டியிருப்பார்கள். அதை நம்பி, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்று ஆட்டோவை நிறுத்திவைத்துவிட்டு உள்ளே போகிறவர்கள் உண்டு. மருத்துவமனை டோக்கன் பதிவுகளைக் கணக்குப் பார்ப்பது என் வேலை. நான் முதலில் கேட்பது சராசரியை அல்ல, திட்டவிலக்கத்தை; அதாவது, ஒவ்வொருவரின் நேரமும் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளிப்போகிறது என்ற அளவை.

சராசரி 40, திட்டவிலக்கம் 12 என்று வைத்துக்கொள்வோம். 60 நிமிடத்தைத் தாண்ட எவ்வளவு வாய்ப்பு? 60இல் 40 போக 20. அதை 12ஆல் வகுத்தால் 1.67; இதுதான் இசட் மதிப்பு. நடுவில் உயர்ந்து இருபுறமும் ஒரேபோலச் சரியும் மணி வடிவ வளைவுதான் இயல்நிலைப் பரவல்; அதன் அட்டவணையில் அதுவரையிலான பரப்பு 0.9525, மீதி 0.0475. நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. சரி, ஆட்டோ நிற்கட்டும்.

சராசரி அதே 40, திட்டவிலக்கம் மட்டும் 25 என்றால்? இசட் மதிப்பு 0.8. நூற்றுக்கு 21 பேர் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவார்கள். வாசலில் ஒட்டிய எண் மாறவே இல்லை!

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் அட்டவணையின் மறுமுனையையும் பார்ப்பேன். சுழியத்துக்குக் கீழே எத்தனை பேர்? 40ஐ 25ஆல் வகுத்தால் 1.6; பரப்பு 0.0548. அதாவது, நூற்றுக்கு ஐந்து பேர் டோக்கன் வாங்கும் முன்பே டாக்டரைப் பார்த்துவிட்டார்கள். சிபாரிசில் போகிறவர்களுக்குக்கூட அவ்வளவு வேகம் கிடையாது.

காத்திருப்பு நேரம் கீழே சுழியத்தில் முட்டி நின்றுவிடும். மேலே வால் நீளும். ஒரு எமர்ஜென்சி கேஸ் வந்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் சேர்ந்தே தாமதம். அங்கே மணி வடிவம் எப்படி வரும்? கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங், அழைப்புகளின் நெரிசலுக்கென்றே தனிக் கணக்கை 1909இலேயே எழுதத் தொடங்கிவிட்டார்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வேறு கதை. ரத்தம் எடுப்பது, சுழற்றுவது, மெஷினில் ஓட்டுவது, சரிபார்த்துக் கையெழுத்திடுவது என்று ஒன்றையொன்று அதிகம் சாராத பல சிறு நேரங்களின் கூட்டல் அது. ஓரளவு மணி வடிவத்துக்குப் பக்கத்தில் வரும். அட்டவணையைத் தாராளமாக எடுக்கலாம்.

ஓ.பி.க்கு ஒரு மாதப் பதிவை ஏறுவரிசையில் அடுக்கி எண்ணிப் பார்ப்பதுதான் என் வழக்கம். அப்படி எண்ணி, "பத்தில் ஒன்பது பேர் 75 நிமிடத்துக்குள்" என்று ஒட்டச் சொன்னேன். "நம்பர் பெரிசா தெரியுதே சார்" என்றார் நிர்வாகி. அது பெரியதாகத் தெரிந்தால்தான் வருகிறவர் ஆட்டோவை அனுப்பிவிட்டு உள்ளே வருவார் என்றேன்.