ஒரே மீடியம், இரண்டு ஊர்: நரம்பணு வளர்ப்பில் கவனிக்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் கடலோர டர்பனில் ஒரு மீடியத்தில் (செல் வளர்க்கும் ஊட்டத் திரவத்தில்) நன்றாக வளரும் நரம்பணுக்கள், அதே மீடியத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் வாடினால், எல்லோரும் முதலில் செல்லைத்தான் குறை சொல்கிறார்கள். காற்றழுத்தத்தைப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். செல்களை வைத்து வளர்க்கும் இன்குபேட்டர் அங்கேயும் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம் என்றே காட்டும். ஆனால் அழுத்தம் குறைவதால் மீடியத்தில் கரையும் வாயுவும் குறையும். அந்த வாயுதான் மீடியத்துக்கு அமிலத்தன்மை தருவது; அது குறைந்தால், 26 மில்லிமோலார் பைகார்பனேட் உள்ள நியூரோபேசல் என்ற நரம்பணு மீடியத்தில் பிஎச் (அமில-கார அளவு) ஏறக்குறைய 0.1 கூடிவிடும். பிஎச் கூடக்கூட குளுட்டமேட் என்ற நரம்புச் செய்திப் பொருளை உணரும் என்எம்டிஏ ஏற்பிகள் தாராளமாகத் திறக்கும், குளுட்டமேட்டின் நச்சும் வலுக்கும்.

கணக்குப்படி 6 சதவீதத்துக்குச் சற்று மேலே வைத்தால் சரியாகும். ஆனால் உங்கள் சென்சார் உள்ளூர் அழுத்தத்துக்கு ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கலாம். அதனால் செல் இல்லாத மீடியத்தை ஓர் இரவு உள்ளே வைத்து, எடுத்த கையோடு பிஎச் அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். வெளியே வைத்தால் வாயு வெளியேறி, மீடியத்தில் பிஎச் காட்டும் சாயமான ஃபீனால் ரெட் கண்ணெதிரே ஊதாவாகும். அந்த அளவு எதற்கும் உதவாது.

அடுத்தது ஆவியாதல். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் குளிர்காலம் வறண்டது, இன்குபேட்டரில் ஈரப்பதத்துக்கு வைக்கும் தண்ணீர்த் தட்டு சீக்கிரம் காயும். 24 குழித் தட்டில் 500 மைக்ரோலிட்டரில் 50 போனால், மீடியத்தின் கரைபொருள் செறிவு 240 மில்லிஆஸ்மாலிலிருந்து 267 ஆகிறது. ஓரக் குழிகளில்தான் இழப்பு அதிகம். அவற்றில் செல் போடாமல் கிருமி நீக்கிய நீரை ஊற்றிவிடுங்கள். டர்பன் கோடையில் தொல்லை வேறு: அதே தண்ணீர்த் தட்டில் பூஞ்சை.

மீடியத்தை முழுசாக மாற்றுவது கெட்ட பழக்கம். செல்கள் சுரந்த காரணிகளும் அதோடு போய்விடும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பாதி எடுத்து, முன்பே 37 டிகிரியில் அதே வாயுவில் சமப்படுத்திய புது மீடியத்தைச் சுவரோரமாக மெல்ல விடுங்கள். செல்களைத் தட்டில் நடும்போது சேர்க்கும் 25 மைக்ரோமோலார் குளுட்டமேட்டைக் கருநிலை ஹிப்போகாம்பஸ் (மூளையின் நினைவுப் பகுதி) செல்கள் முதல் சில நாள் தாங்கும். ஏற்பிகள் முதிர்ந்தபின் அதுவே கொல்லும், ஆகவே நான்காம் நாளிலிருந்து சேர்க்காதீர்கள். மீடியத்தில் சேர்க்கும் பி-27 ஊட்டக் கலவையை உருக்கிய பிறகு மறுபடி உறைய வைக்கவும் கூடாது.

லோட்ஷெட்டிங்கில் (முறைவைத்து வரும் மின்வெட்டில்) இன்குபேட்டர் கதவைத் திறந்து பார்க்காதீர்கள். பிஎச் காக்க ஹெப்பிஸ் என்ற தாங்கல் பொருளைச் சேர்ப்பவர்கள் தட்டை வெளிச்சத்தில் வைக்காதீர்கள்: அதோடு மீடியத்தில் உள்ள ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமினும் ஒளியும் சேர்ந்தால், செல்லுக்கு நச்சான ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். மின்சாரம் திரும்பியதும் செல்லைத் தொடாமல் வெப்பமும் வாயுவும் நிலைபெறும் வரை காத்திருங்கள். மீடியம் மாற்றும் வேலையை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள்.