டிரைவர் சீட்டு காலி. கதவை யார் பார்ப்பது?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அக்கா போன வாரம் என்னை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, மாதவரத்துல வரப்போற மெட்ரோல டிரைவரே கிடையாதாமே? நம்பி ஏறலாமா?"

ரயில் பாதுகாப்புப் பயிற்சி தருவது என் வேலை. ஏறலாம் அக்கா என்றேன். ஆனால் அவர் தோளில் தொங்கிய பையின் வார் முழங்காலுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினேன்.

விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் போகும் இப்போதைய வண்டியிலேயே வேகம் எடுப்பதும் பிரேக் போடுவதும் பெரும்பாலும் கணினிதான். ஓட்டுநர் முன்னால் இருந்து பாதையையும் கதவுகளையும் கவனிக்கிறார். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கும் சோழிங்கநல்லூருக்கும் அமையும் இரண்டாம் கட்டப் பாதைகளுக்கான மூன்று பெட்டி வண்டிகள், அவரும் இல்லாமல் ஓடும்படி செய்யப்பட்டவை. டெல்லி மெஜந்தா பாதையில் 2020 டிசம்பரிலேயே இது வந்துவிட்டது. பாரிஸில் 1900-ல் திறந்த முதலாம் பாதையையே 2012-க்குள் இப்படி மாற்றிவிட்டார்கள்.

இந்த வண்டிகள் தாம் இருக்கும் இடத்தை ரேடியோ வழியாக ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தத் தொடர்பு அறுந்தால் நின்றுவிடும். சந்தேகம் வந்தால் நில் என்கிற அந்த விதியை நான் முழுதாக நம்புகிறேன்.

என் பயமெல்லாம் கதவில்தான். வடசென்னைக்காரர்கள் நாம் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வளர்ந்தவர்கள். கதவே மூடாத வண்டி. கிளம்பின பிறகும் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வோம். அதே பழக்கத்தில் மெட்ரோவிலும், மூடுகிற கதவுக்குள் பையை நீட்டினால் திறந்துவிடும் என்று நினைக்கிறோம். கை மாதிரிப் பருமனான பொருள் குறுக்கே வந்தால் கதவு உணரும். துப்பட்டா நுனி, புடவைத் தலைப்பு, பை வார் சிக்கினால் உணராமலே போகலாம். கதவு சரியாக மூடிவிட்டதாகவே வண்டி எடுத்துக்கொள்ளும். 2023 டிசம்பரில் டெல்லி இந்தர்லோக் நிலையத்தில் உடை கதவில் சிக்கி ஒரு பெண் இறந்துபோனார். அந்த வண்டியில் ஓட்டுநர் இருந்தார்.

புதிய நிலையங்களில் நடைமேடை விளிம்பிலும் கண்ணாடிக் கதவுகள் வரும். தண்டவாளத்தில் விழாமல் அவை காக்கும். ஆனால் அந்தக் கதவுக்கும் வண்டிக் கதவுக்கும் நடுவில் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. மூடும் ஒலி கேட்டதும் நடைமேடையிலேயே நின்றுவிடுங்கள். அடுத்த வண்டி வரும்.

அப்புறம் இன்னொன்று. வண்டி வழியில் நின்றால் பெட்டியில் இருக்கும் அவசர பட்டனை அழுத்துங்கள், ஊழியர் பேசுவார். கதவை நெம்பித் திறந்து இறங்கிவிடாதீர்கள். மேலே 25,000 வோல்ட் மின்கம்பி இருக்கிறது, பக்கத்துப் பாதையில் வண்டி வரலாம்.

பேசப் பேசவே அக்கா பை வாரை இரண்டு முடிச்சுப் போட்டுச் சுருக்கிவிட்டார். காலேஜ் போகும் மகளின் துப்பட்டாவுக்கு என்ன செய்வது என்று கேட்டார். ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு நுனியையும் முன்பக்கம் இழுத்துக் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.