ஏறிவிடுவார்கள்; இறங்குவதில்தான் கவனம் வேண்டும்

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு வந்திருக்கும் பெற்றோரை நினைவுச்சின்னங்களுக்கு அழைத்துப்போகிறவர்கள், டிக்கெட் எடுக்கும் முன்பே படிகளின் எண்ணிக்கையைப் பார்த்துவிட வேண்டும். ஃபிளாரன்ஸ் பேராலயக் குவிமாடத்துக்கு 463 படிகள், லிஃப்ட் கிடையாது. வத்திக்கானின் புனித பேதுரு பேராலயக் குவிமாடத்துக்கு 551. அங்கே லிஃப்ட் உண்டுதான், ஆனால் அது மொட்டைமாடிவரைதான் போகும். அதற்குமேல் 320 படிகளைக் காலால்தான் ஏறவேண்டும். குறுகலான இந்தப் பாதைகளில் பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பாதியில் முடியவில்லை என்றால் திரும்புவது மிகக் கடினம்.

ஏறும்போது மூச்சு வாங்குவது நம் கண்ணுக்குத் தெரியும். முழங்காலுக்குச் சோதனை இறங்கும்போதுதான். ஒவ்வொரு படியிலும் உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான பாரம் மூட்டில் விழுகிறது. தொடைத்தசை நீண்டபடியே அந்தப் பாரத்தைத் தாங்குவதால், அன்று "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்பவருக்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில் வலி உச்சத்துக்குப் போகும். ஏற்றம் உள்ள இடத்தைப் பயணத்தின் முதல் நாளில் வைக்காதீர்கள்.

கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். 65 முதல் 69 வயதில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11 முறைக்குக் குறைந்தால் விழும் அபாயம் அதிகம். அவர்களுக்குக் குவிமாடம் வேண்டாம், கீழிருந்தே பார்க்கட்டும்.

இறங்கும்போது நீங்கள் ஒரு படி கீழே, சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். ஊன்றுகோல், வலியில்லாத காலின் பக்கத்துக் கையில் இருக்கவேண்டும். இறங்கும்போது முதலில் கோல், அடுத்து வலிக்கும் கால், கடைசியில் நல்ல கால். ஏறும்போது நல்ல கால் முதலில். சுழல் படிக்கட்டில் படியின் அகலமான வெளிப்பக்கமாக நடப்பதே பாதுகாப்பு.

பலரும் யோசிக்காதது மூக்குக்கண்ணாடி. பைஃபோக்கல், புரோகிரசிவ் கண்ணாடிகளின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. அதன்வழியே குனிந்து பார்த்தால் படியின் விளிம்பு மங்கும். படியேறும் நாளில், தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடியை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. வெயிலிலிருந்து இருட்டான உள்கூடத்துக்குள் நுழைந்ததும் கண் பழகும்வரை வாசலிலேயே நிறுத்திவையுங்கள்.

கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்று பெற்றோர் சத்தமில்லாமல் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவருக்கு அதோடு நீண்ட வரிசையும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கழிப்பறை எங்கே என்று உள்ளே நுழைந்ததும் நீங்களே காட்டிவிட்டால் தயங்காமல் குடிப்பார்கள்.

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர் அதிகம் நடந்து, மதிய உணவும் தள்ளிப்போனால் சர்க்கரை தாழும். வியர்வை, நடுக்கம், பேச்சில் குழப்பம் தெரிந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைப் பாருங்கள். 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி 15 கிராம். குளுக்கோஸ் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். பெரிய பைகளை நுழைவாயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு.