பெருந்தமனி எத்தனை செ.மீ.? சிடி ஸ்கேனில் அளக்கும் முறையும் அதில் வரும் பிழைகளும்

போன வருட ரிப்போர்ட்டில் 4.2 செ.மீ., இந்த வருட ரிப்போர்ட்டில் 4.6 செ.மீ. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, டாக்டர்கள் சொல்லும் அயோர்ட்டா, விரிந்திருக்கிறது என்று தெரிந்த ஒருவருக்கு இந்த இரண்டு எண்களே தூக்கத்தைக் கெடுக்கப் போதும். ஒரே வருடத்தில் 5 மி.மீ. வளர்ந்தாலோ, தொடர்ந்து இரண்டு வருடம் ஆண்டுக்கு 3 மி.மீ. வளர்ந்தாலோ அறுவை சிகிச்சையை யோசிக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். 4 மி.மீ. அந்த எல்லைக்கு ரொம்பப் பக்கம். ஆனால் முதல் ஸ்கேன் விழுப்புரத்திலும் அடுத்தது சென்னையிலும் எடுத்திருந்தால், தமனி துளியும் வளராமலே இந்த வித்தியாசம் வந்திருக்கலாம். அளந்த விதம் தெரியாமல் எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது.

இந்த மில்லிமீட்டர்களுக்கு ஏன் இத்தனை மதிப்பு? குழாயின் ஆரம் கூடக் கூட, அதே ரத்த அழுத்தத்தில் சுவர் தாங்க வேண்டிய இழுவிசையும் கூடுகிறது. விரியும்போது சுவர் மெலிவதால் சுமை இன்னும் ஏறும். ஒரு கட்டத்தில் சுவரின் அடுக்குகள் பிளந்துவிடும். இதயத்திலிருந்து மேல்நோக்கிச் செல்லும் முதல் பகுதியான மேலேறும் பெருந்தமனி பெரியவர்களுக்குப் பொதுவாக 4 செ.மீ.க்குள் இருக்கும். 5.5 செ.மீ.யைத் தொட்டால் அறுவை சிகிச்சை. அனுபவம் மிகுந்த மையங்களில் 5.0-லேயே செய்வதுண்டு. இணைப்புத்திசுவைப் பலவீனமாக்கும் மரபணு நோயான மார்ஃபன் உள்ளவர்களுக்கும் வரம்பு 5.0தான். அதாவது கண்காணிப்புக்கும் நெஞ்சைத் திறப்பதற்கும் இடையே இருப்பது ஒன்றரை சென்டிமீட்டர். அதில் அரை சென்டிமீட்டர் அளவுப் பிழையாக இருந்தால் கதை முற்றிலும் மாறிவிடும்.

பிழை ஸ்கேன் எடுக்கும்போதே தொடங்கலாம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னோடு ஒட்டியிருக்கும் பெருந்தமனியின் வேர்ப்பகுதியைக் கீழே இழுத்து விடுகிறது. சாதாரண நெஞ்சு சிடியில் இந்த அசைவு அப்படியே பதிந்து, தமனியின் விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரியும். சுவர் பிளந்துவிட்டதோ என்று சந்தேகப்படும் அளவுக்கு அது அச்சு அசலாக இருக்கும். அதனால்தான் நெஞ்சில் ஈசிஜி ஒயர்களை ஒட்டி, துடிப்போடு சேர்த்துப் படமெடுக்கிறார்கள். நாடி 60 என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 1 செகண்ட். ஈசிஜியில் உயர்ந்து நிற்கும் ஆர் முனையிலிருந்து அதில் 70 முதல் 75 சதவீதம் கடந்தபோது இதயம் தளர்ந்து அசைவற்று இருக்கும். படம் அந்த நேரத்தில்தான் வேண்டும். ஒரு படத்துக்கு இயந்திரத்தின் அரைச் சுற்று போதும். சுற்று 0.28 செகண்ட் என்றால் 140 மில்லிசெகண்ட். இரண்டு எக்ஸ்ரே குழாய் உள்ள இயந்திரம் இதை 75 மில்லிசெகண்டுக்கும் கீழே கொண்டுவரும். நாடி வேகமாக ஓடினால் அந்த அமைதியான இடைவெளியே சுருங்கிவிடும் என்பதால், ஆஸ்துமா போன்ற தடைகள் இல்லாதவர்களுக்கு மெட்டோப்ரோலால் மாத்திரை கொடுத்து நாடியை 65-க்குக் கீழே இறக்குவது வழக்கம்.

எந்தக் கட்டத்தில் எடுத்தார்கள் என்பதும் முக்கியம். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனி விரியும். சுவர் நன்றாக நெகிழும் இளவயதினருக்கு இதிலேயே 1 முதல் 2 மி.மீ. வித்தியாசம் வரலாம். தளர்ந்த கட்டத்தில் எடுத்த பழைய படத்தைச் சுருங்கிய கட்டத்தில் எடுத்த புதிய படத்தோடு ஒப்பிட்டால் பொய்யான வளர்ச்சி கிடைக்கும்.

ரத்தக்குழாயைப் படத்தில் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை வலது முழங்கைக் குழியில் 18 அல்லது 20 கேஜ் ஊசிக்குழாய் வழியே செகண்டுக்கு 4 முதல் 5 மி.லி. வேகத்தில் செலுத்துவார்கள். பெரும்பாலும் 60 முதல் 80 மி.லி. போதும். பின்னாலேயே சலைன். இடது கை ஏன் வேண்டாம்? அந்தப் பக்கத்து சிரை பெருந்தமனி வளைவுக்கு முன்னால் குறுக்கே போகிறது. அதில் அடர்ந்த மருந்து நிற்கும்போது படத்தில் கோடு கோடாக இழுத்து, பக்கத்தில் உள்ள சுவரை மறைத்துவிடும். கிரியாட்டினின் பரிசோதனை முன்கூட்டியே கேட்கப்படுவது சிறுநீரகம் இந்த மருந்தைத் தாங்குமா என்று பார்க்க.

இனி அளவு. பெரிய பிழைகள் பிறப்பது இங்கேதான். சிடி படங்கள் உடலைக் குறுக்கே வெட்டிய தோற்றத்தில் வருகின்றன. பெருந்தமனியோ நேராக நிற்பதில்லை. முன்னும் வலமுமாகச் சாய்ந்து ஏறி, வளைந்து, முதுகுப்பக்கம் இறங்குகிறது. முருங்கைக்காயைச் சாய்வாக நறுக்கினால் வட்டத்துக்குப் பதில் நீள்வட்டம் கிடைப்பதுபோல, சாய்ந்த தமனியும் குறுக்குப் படத்தில் நீள்வட்டமாகத் தெரியும். அதன் நீண்ட அச்சை அளந்தால் அசல் விட்டத்தைச் சாய்வுக் கோணத்தின் கோசைனால் வகுத்த எண் வரும். அசல் 4.2 செ.மீ., சாய்வு 25 டிகிரி என்றால் 4.6 செ.மீ. 30 டிகிரிக்கு 4.8. வளைவுப் பகுதியில் சாய்வு 45 டிகிரியைத் தொட்டால் கிட்டத்தட்ட 5.9: அறுவை சிகிச்சை தேவைப்படாத ஒருவரைக் காகிதத்தில் ஆபரேஷன் தியேட்டர் வரை கொண்டுபோய்விடும்.

சரியான முறைக்குப் பெயர் இரட்டைச் சாய்வுத் தளம். முதலில் 1 மி.மீ.க்கு மிகாத தடிமனில் படங்களை உருவாக்க வேண்டும், 5 மி.மீ. தடிமனில் பிலிமில் அச்சிட்டவை இதற்கு உதவாது. கணினியில் மூன்று கட்டங்கள் திறந்திருக்கும்: குறுக்கே, முன்னிருந்து, பக்கவாட்டில். குறுக்குக்கோட்டின் மையத்தைத் தமனியின் நடுவில் வைத்து, முன்தோற்றக் கட்டத்தில் கோட்டைத் தமனியின் ஓட்டத்துக்குச் செங்குத்தாகும்வரை திருப்ப வேண்டும். பக்கவாட்டுக் கட்டத்திலும் அப்படியே. ஒன்றில் மட்டும் திருப்பி நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டும் முடிந்ததும் மூன்றாவது கட்டத்தில் அசல் குறுக்குவெட்டு வந்து நிற்கும். சரிபார்க்க எளிய வழி உண்டு. அந்தத் தளத்தைச் சில மி.மீ. மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். வட்டம் அதே இடத்தில் நின்றால் கோணம் சரி, பக்கவாட்டில் வழுக்கினால் தப்பு. பிறகு பெரிய விட்டத்தையும் அதற்குச் செங்குத்தான விட்டத்தையும் எடுத்து, இரண்டையுமே எழுத வேண்டும். சில தமனிகள் நிஜமாகவே நீள்வட்டமாக இருக்கும்.

மென்பொருள் தானாகவே மையக்கோடு போட்டுத் தருகிறது. நேரான பகுதியில் அதை நம்பலாம். வேர்ப்பகுதியிலும், வளைவிலும், உட்சுவரில் ரத்தக்கட்டி ஒட்டிய இடத்திலும் அது தடம் மாறும். கண்ணால் பார்க்காமல் அந்த எண்ணை ரிப்போர்ட்டுக்கு அனுப்பக் கூடாது.

அடுத்து, எந்த விளிம்பிலிருந்து எந்த விளிம்புவரை? சுவரின் தடிமன் ஒரு பக்கம் 1 முதல் 2 மி.மீ. வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு என்று அளந்தால் உள்விளிம்பு அளவைவிட 2 முதல் 4 மி.மீ. கூடுதல். 2010-இன் அமெரிக்க வழிகாட்டுதல் வெளிவிளிம்பைச் சொன்னது. 2022-இல் வந்தது வேர்ப்பகுதிக்கும் மேலேறும் பகுதிக்கும் உள்விளிம்பைச் சொல்கிறது. பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் ஒப்பிடும்போது இது ஒரு பெரிய கண்ணி. சுவரே தடித்திருந்தால் வெளிவிளிம்புதான் சரி. நம் நாட்டில் இளம்பெண்களிடம் காணப்படும், பெரிய ரத்தக்குழாய்களின் சுவரைத் தாக்கும் தாக்கயாசு அழற்சியில் சுவர் நன்றாகத் தடிக்கும். அங்கே உள்விளிம்பை மட்டும் அளந்தால் நோயின் பாதி கணக்கில் வராது.

வேர்ப்பகுதி வட்டமே அல்ல, மூன்று புடைப்புகள் உள்ள பூவின் வடிவம். ஒரு புடைப்பிலிருந்து எதிர்ப் புடைப்புவரை அளக்கலாம், புடைப்பிலிருந்து எதிரே வால்வு இதழ்கள் சேரும் மூலைவரையும் அளக்கலாம். முதலாவது சுமார் 2 மி.மீ. கூடுதலாக வரும். மூன்று புடைப்புகளுக்கும் அளவெடுத்து, எந்த முறை என்றும் எழுதுவதே நேர்மையான ரிப்போர்ட். மேலேறும் பகுதியை வலது நுரையீரல் தமனி மட்டத்தில் அளப்பது வழக்கம். வளைவு, இறங்கும் பகுதி, உதரவிதானம் இவற்றுக்கும் இப்படி நிலையான அடையாளங்கள் உண்டு.

உயரத்தைக் கேட்காமல் எழுதும் ரிப்போர்ட் நம் ஊருக்குப் பொருந்தாது என்பது எங்கள் உறுதியான கருத்து. 4.5 செ.மீ. விட்டத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு 15.9 சதுர செ.மீ. இதை உயரத்தால் மீட்டரில் வகுத்தால், 175 செ.மீ. உயர ஆணுக்கு 9.1, 150 செ.மீ. உயரப் பெண்ணுக்கு 10.6. சராசரியிலிருந்து உயரம் நன்றாக விலகியவர்களுக்கு இந்த எண் 10-ஐத் தாண்டினால் 5.5 வரை காத்திராமல் அறுவை சிகிச்சையை யோசிக்கலாம் என்கிறது 2022 வழிகாட்டுதல். வயது, குடும்ப வரலாறு, வால்வின் நிலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். ஆனால் எண் அவர் கைக்குப் போக வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரே படத்தை இருவர் அளந்தால் 1 முதல் 2 மி.மீ. முன்பின் வரும். எனவே ஒன்றிரண்டு மி.மீ. மாற்றத்தை வளர்ச்சி என்று உடனே சொல்லிவிட முடியாது. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒருவரே, ஒரே தளத்தில், ஒரே விளிம்பில் அளந்தால்தான் விடை கிடைக்கும். அதற்கு பிலிம் கவர் போதாது, டைகாம் என்னும் அசல் டிஜிட்டல் வடிவில் ஸ்கேன் படங்கள் உள்ள குறுவட்டு வேண்டும். ஊரில் ஸ்கேன் எடுத்துவிட்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கோ வேறெங்கோ வருகிறவர்கள் அந்த வட்டைக் கட்டாயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன் ஈசிஜி இல்லாமல் எடுத்ததாக இருந்தால் வேர்ப்பகுதியை அதில் திரும்ப அளப்பதில் அர்த்தமில்லை. புதிய ஸ்கேனையே தொடக்கப்புள்ளியாக வைத்து, மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில், அடுத்ததை எடுக்க வேண்டும். பல ஆண்டுகள் தொடர வேண்டிய இளவயதினருக்குக் கதிர்வீச்சில்லாத எம்ஆர்ஐ நல்லது. சிடியிலிருந்து அதற்கு மாறும்போது முடிந்தால் ஒருமுறை மட்டும் இரண்டையும் சில வார இடைவெளிக்குள் எடுத்து, வித்தியாசத்தை ரிப்போர்ட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.